முள்ளை எடுக்காமல் மூடிய காயம்

இராமநாதபுரம் மாவட்டக் கரையை மாதிரியாகக் கொண்டு, தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நீளும் கற்பனை நாடு ஒன்றை, நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை சொல்லிப் பகடை உருட்டி ஆடும் விளையாட்டுக்காக உருவாக்கிக்கொண்டிருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இதுதான்: அவருடைய உலகில் கோயில் பூசாரி கைவைத்து மந்திரம் சொன்னால் ஆறு வினாடியில் வெட்டுக்காயம் மறைந்துவிடுகிறது. அதே ஊரில் பச்சிலை விற்கும் மருத்துவச்சி ஒருத்தியும் இருக்கிறாள். நான்கு மாத ஆட்டத்தில் நண்பர்கள் ஒருவரும் அவள் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. மந்திரம் இருக்கும் உலகில் மூலிகைக்கு என்ன வேலை, இரண்டில் ஒன்றை எடுத்துவிடலாமா என்று கேட்கிறார்.

எடுக்க வேண்டாம் என்பதே என் பதில். ஆனால், தம்பி, உங்கள் மருத்துவச்சி விற்பது மூலிகை மருந்தே அன்று என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நீங்கள் எழுதியிருக்கும் விதிப்படி அவளுடைய பச்சிலை உருண்டையை வாயில் போட்டதும் எட்டு உயிர்ப்புள்ளிகள், அதாவது அடி தாங்கும் வலிமையைக் குறிக்கும் புள்ளிகள், திரும்ப வருகின்றன. எந்தக் காயம், எந்த நோய், யாருடைய உடம்பு, எந்த மாதம் என்ற கேள்வி எதுவும் அதில் இல்லை. பூசாரியின் மந்திரமும் இதையேதான் செய்கிறது. ஒரே சரக்குக்கு இரண்டு கடை திறந்துவிட்டு, ஒரு கடையில் இலவசமாகவும் மறு கடையில் காசுக்கும் கொடுத்தால், காசு கேட்கும் கடையில் ஈ ஓட்டத்தான் வேண்டியிருக்கும்.

நான் மண்டபம் என்ற கடற்கரை ஊரில் வளர்ந்தவன். என் சித்தி பல ஆண்டுகள் தீவுகளைச் சுற்றிக் கடல்பாசி எடுத்தவர். நான் இராமநாதபுரத்தில் ஒரு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் இந்த விளையாட்டை நடத்தி வருகிறேன். எனவே இரண்டு பக்கமும் ஓரளவு பழக்கம் உண்டு.

மந்திரப் பக்கத்துக் கணக்கை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் பலரும் விதிநூலைப் புரட்டாமலேயே மந்திரத்துக்கு அளவில்லாத வலிமை இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். இவ்வகைப் பகடை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பை எடுத்துக்கொள்வோம். அதில் முதல் நிலைக் கிளெரிக், அதாவது உங்கள் ஊர்ப் பூசாரி, ஒரு நாளில் இரண்டு முறை மட்டுமே முதல் நிலை மந்திரம் சொல்ல முடியும். அதன்பின் நீண்ட ஓய்வு எடுத்தாக வேண்டும். காயம் ஆற்றும் மந்திரம் எட்டுமுகப் பகடை ஒன்றும் அதன்மேல் ஒரு சிறு கூட்டுத்தொகையும் தரும். சாதாரணக் குடியானவருக்கு இருக்கும் உயிர்ப்புள்ளிகளோ நான்குதான். ஆகவே ஒரு தொடுகை ஒரு மனிதரை முழுவதும் எழுப்பிவிடும் என்பது உண்மை. ஆனால் அன்றைக்கு எழுப்பக்கூடியவர் இருவர் மட்டுமே. பாசிக்குப் போன முப்பது பெண்கள் கரையேறும்போது இருபது பேர் விரல்களிலாவது பார், அதாவது கடலடிப் பாறை, கீறிய காயம் இருக்கும். விரல்களில் துணியும் ரப்பரும் சுற்றிக்கொண்டு போனாலும் பவளப் பாறையின் விளிம்பு அதைத் தாண்டி அறுக்கும். இருபது பேரில் எந்த இரண்டு பேர்? உங்கள் ஊரின் அரசியல் இந்த ஒரு கேள்வியில் தொடங்கிவிடும். யாருக்குப் பூசாரி உறவு, யார் வீட்டு மண்டகப்படி பெரியது, யாருடைய கை நாளைக்கு அவசியம் வேண்டும் என்றெல்லாம் அது கிளை விட்டுக்கொண்டே போகும்.

மந்திரக் குப்பியின் விலையையும் பாருங்கள். அதே பதிப்பில் காயம் ஆற்றும் மருந்துக் குப்பி ஒன்றின் விலை 50 பொற்காசு; பழக்கமில்லாத கூலியாளின் ஒரு நாள் சம்பளம் 2 வெள்ளிக்காசு. பத்து வெள்ளி ஒரு பொன் என்பதால், ஒரு குப்பி வாங்க அந்த மனிதர் 250 நாள் உண்ணாமல் உடுக்காமல் உழைக்க வேண்டும். இத்தனைக்கும் காயம் ஆற்றும் அந்த மந்திரம் நோயைத் தொடுவதில்லை. நோயை நீக்கும் மந்திரம் இரண்டாம் நிலையைச் சேர்ந்தது. அதைச் சொல்ல மூன்றாம் நிலைக் கிளெரிக் வேண்டும். காமாலை கண்டவரை உங்கள் முதல் நிலைப் பூசாரியிடம் தூக்கிக்கொண்டு வந்தால், அவர் கையை விரித்துவிட்டு மருத்துவச்சி வீட்டுக்கு வழி காட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்வதற்கில்லை. உங்கள் நண்பர்கள் அவளிடம் போகாததற்குக் காரணம் மந்திரத்தின் வலிமை அன்று. உங்கள் நாட்டில் இதுவரை ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை, அவ்வளவுதான்.

மந்திரமும் மருந்தும் ஒரே எண்ணைக் கூட்டும் இந்த வழக்கம் வந்த காரணமும் எளிது. 1974இல் வெளிவந்த அந்த விளையாட்டின் வேர் போர் விளையாட்டுகளில் இருக்கிறது. அங்கே உயிர்ப்புள்ளி என்பது ஒரு படைவீரன் எத்தனை அடி தாங்குவான் என்ற எண். அந்த எண் குறைந்தால் கூட்ட வேண்டும், கூட்டியவுடன் ஆட்டம் தொடர வேண்டும். 1986இல் ஜப்பானில் வந்த டிராகன் குவெஸ்ட் கணினி விளையாட்டிலும் கடையில் வாங்கும் மூலிகை உண்டு, ஆற்றும் மந்திரமும் உண்டு. இரண்டும் ஒரே எண்ணைத்தான் கூட்டின. சண்டைக்கு நடுவே வேறெதற்கும் நேரமில்லை என்பதால் அதில் தவறு காண முடியாது. ஆனால் சண்டை இல்லாத நேரத்திலும் அதே கணக்கை வைத்துக்கொண்டிருப்பதால்தான் மருத்துவச்சிக்கு வேலை இல்லாமல் போகிறது.

இனி மருந்துப் பக்கம். இதற்கு ஒரே ஒரு காட்சியைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். எனக்குப் பதினான்கு வயதிருக்கும்போது, முழங்கால் அளவுத் தண்ணீரில் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அண்ணனைத் திருக்கை அடித்துவிட்டது. கணுக்காலுக்கு மேலே சிறு துளைதான், இரத்தமும் அதிகமில்லை. ஆனால் அவர் மணலில் புரண்ட விதத்தைப் பார்த்தவர்கள் கால் முறிந்துவிட்டது என்றே நினைத்தார்கள். சித்தி ஓடிவந்து முதலில் செய்தது பச்சிலை தேடியதன்று. அடுப்பில் பானையை ஏற்றச் சொல்லிவிட்டு, காயத்தை வெயிலுக்கு நேராகத் திருப்பி, விரலால் ஓரத்தை விரித்துப் பார்த்தார். திருக்கை முள்ளின் இரு பக்கமும் வாள்பல் போலப் பின்னோக்கிய செதுக்குகள் உண்டு. உள்ளே போகும்போது வழுக்கிக்கொண்டு போகும், வரும்போது சதையைக் கிழித்துக்கொண்டு, சில சமயம் தானும் ஒடிந்து உள்ளேயே தங்கிவிடும். ஒடிந்த துண்டு ஒன்று கண்ணுக்குத் தெரிந்தது. மேலாக நின்றதால் அதை மெல்ல எடுத்தார். பிறகு வெந்நீரில் தம் முழங்கையை விட்டுப் பார்த்து, தமக்குப் பொறுக்கும் சூடுதானா என்று உறுதி செய்துகொண்டு, அதன்பிறகுதான் அண்ணனின் காலை உள்ளே வைத்தார். "எடுத்துராதய்யா, சூடு உள்ள இறங்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே தண்ணீர் ஆற ஆற வெந்நீர் சேர்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரத்தில் அண்ணனின் முனகல் அடங்கியது. பிறகு மருத்துவமனைக்குப் போய்க் காயத்தைக் கழுவித் தடுப்பூசியும் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

திருக்கை நஞ்சு புரதத்தால் ஆனது. சூட்டில் அது சிதையும். ஏறக்குறைய 45 பாகைச் செல்சியசுக்கு மேற்படாத வெந்நீரில் காலை அமிழ்த்தி வைக்கச் சொல்வது இன்றைய மருத்துவ முறையிலும் உள்ளது. சித்திக்குப் புரதம் என்ற சொல் தெரியாது, முழங்கைக்குத் தெரியும். இதில் மந்திரமும் இல்லை, மூலிகைகூட இல்லை. எதை முதலில் பார்ப்பது, எதை எடுப்பது, எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்ற அறிவு மட்டுமே இருந்தது. உங்கள் மருத்துவச்சியின் சரக்கு இதுதான். பச்சிலை அதற்குப் பின்னால் வருவது.

இப்போது உங்கள் பூசாரியை அந்த மணலில் நிறுத்திப் பாருங்கள். அவர் ஓடிவந்து, முள் உள்ளே இருக்கும்போதே கைவைத்து மந்திரம் சொல்கிறார். ஆறு வினாடியில் தோல் மூடிக்கொள்கிறது, உயிர்ப்புள்ளிகள் நிறைந்துவிடுகின்றன, எல்லாரும் கும்பிடுகிறார்கள். முள் உள்ளேதான் இருக்கிறது. நான்காம் நாள் கால் வீங்குகிறது, ஏழாம் நாள் சீழ் கட்டுகிறது, மறுபடியும் மந்திரம் சொன்னால் மறுபடியும் தோல்தான் மூடுகிறது. எலும்பு முறிவும் அப்படியே: கோணலாகக் கிடந்த கையை நிமிர்த்தி வைத்துக் கட்டாமல் மந்திரம் சொன்னால், கோணலாகவே கூடிவிடும். விதிநூலில் இப்படி எழுதியிருக்கவில்லை. ஆனால் எழுதிக்கொள்ளத் தடையும் இல்லை. மந்திரத்துக்கு வேகத்தைக் கொடுங்கள், பார்வையைக் கொடுக்காதீர்கள். என் மேசையில் நான் வைத்திருக்கும் ஒரே மாற்றம் இதுதான். இதை வைத்த பிறகு மூலிகையை நான் தூக்கிப் பிடிக்க வேண்டிய தேவையே வரவில்லை.

மூலிகைக்குத் தனி உயிர் கொடுக்க வேண்டுமானால் அதற்கான விதிகளை நீங்கள் கண்டுபிடிக்கவும் வேண்டியதில்லை. சித்த மருத்துவ மரபு ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது. அக மருந்து 32 வகை, புற மருந்து 32 வகை என்று பிரித்து, அக மருந்து ஒவ்வொன்றுக்கும் ஆயுள் சொல்லியிருக்கிறார்கள். சாறும் குடிநீரும் ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். இடித்த பொடியான சூரணம் 3 மாதம். லேகியம் எனப்படும் இளகம் 6 மாதம். எண்ணெயும் மாத்திரையும் ஓராண்டு. இனி வரும் மூன்றும் புடமிட்டுச் செய்யும் பொடிகள்: செந்தூரம் 75 ஆண்டு. பற்பம் 100 ஆண்டு. சுண்ணம் 500 ஆண்டு. ஒரு விளையாட்டு வடிவமைப்பாளருக்கு இதைவிட நல்ல அட்டவணை கிடைக்காது. பாழடைந்த கோட்டையின் நிலவறையில் முந்நூறு ஆண்டு கிடந்த குப்பியை எடுத்து மூடியைத் திறந்து மடமடவென்று குடிக்கும் வழக்கம் பல விளையாட்டுகளில் உண்டு. இந்தக் கணக்குப்படி அதில் இருப்பது சுண்ணமாக இருந்தால் ஒழிய அது வெறும் தூசி. அது சுண்ணம்தானா என்று பார்த்துச் சொல்வதற்கு மறுபடியும் அந்த மருத்துவச்சியிடம் போக வேண்டும்.

பருவத்தையும் சேருங்கள். நம் மாவட்டத்துக்கு மழை என்றால் ஐப்பசியும் கார்த்திகையும்தான். மழைக்குப் பின் கண்மாய்க் கரையிலும் வயல் வரப்பிலும் கீழாநெல்லி முளைத்துக் கிடக்கும். கோடையில் அந்த இடம் வெடித்த மண்ணாக இருக்கும். தை மாதம் பறித்து நிழலில் உலர்த்தி இடித்த சூரணத்தின் மூன்று மாத ஆயுள் சித்திரையில் முடிகிறது. வைகாசியில் காமாலை வந்தால் மருந்துக்கு எங்கே போவது? யாராவது ஒருவர் ஊற்றுள்ள தோப்பையோ, மலையடிவாரத்து ஊரையோ தேடிப் பயணம் போக வேண்டும். ஒரு மாத ஆட்டத்துக்கான கதை அரக்கன், புதையல் எதுவுமின்றி இப்படியே கிடைத்துவிடுகிறது. பறிக்கும்போது இலைக்காம்பின் அடியில் வரிசையாகக் காய் தொங்குகிறதா என்று பார்த்துப் பறிக்கச் சொல்லுங்கள். அதற்கு ஒத்த செடிகள் உண்டு, பகடை சரியாக விழாதவர் அவற்றைத்தான் பறித்து வருவார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 2011இல் வந்த ஸ்கைரிம் கணினி விளையாட்டில் ஒரு செடி என்ன செய்யும் என்று அறிய அதைத் தின்று பார்த்தால் போதும். அதன் நான்கு குணங்களில் முதலாவது தெரிந்துவிடும். விளையாட்டாக அது சுவையானதுதான். நம் கரையில் அந்த முறையைப் பின்பற்றுபவர் குன்றிமணியை மென்றோ, ஊமத்தங்காயைக் கடித்தோ முதல் நாளே கதையை முடித்துக்கொள்வார். அலையாத்திக் காடுகளில் வளரும் தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும். சேராங்கொட்டை சித்த மருந்தில் சேரும் சரக்குதான், ஆனால் நஞ்சு நீக்கும் சுத்தி முறையைச் செய்யாமல் தொட்டால் உடம்பெல்லாம் கொப்புளிக்கும். விட்சர் கணினி விளையாட்டுகளில் மருந்துக் குப்பிகளை அடுத்தடுத்துக் குடித்தால் நஞ்சு ஏறும் என்ற விதி இருப்பது எனக்குப் பிடித்தது இதனால்தான்: மருந்தும் நஞ்சும் ஒரே பெட்டியில் இருக்கும் என்பதை அதை எழுதியவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் ஒன்பது கல் தூண்களை நாம் நவக்கிரகங்களாக வணங்கி நவபாஷாணம் என்கிறோம். சித்த மருத்துவத்தில் அதே சொல் ஒன்பது நஞ்சுகளைக் குறிக்கும். ஒரே சொல்லுக்குள் கோயிலும் மருந்துப்பெட்டியும் இருக்கின்றன. உங்கள் நாட்டில் எங்காவது இதைப் பயன்படுத்தாமல் விட்டுவிடாதீர்கள்.

கடற்கரைக்கே உரிய மருந்து ஒன்று வேண்டும் என்றால் அடம்புக்கொடி இருக்கிறது. ஆட்டுக் குளம்பு போலப் பிளந்த இலையும் ஊதாப் பூவுமாக மணல்மேட்டில் படர்ந்து கிடக்கும். சங்கப் பாடல்கள் அடும்பு என்று சொல்வதும் இதுவே. சொறி எனப்படும் ஜெல்லி மீன் பட்ட இடத்தில் இதன் இலையைக் கசக்கித் தேய்ப்பது கரையோர வழக்கம். தாய்லாந்து ஆய்வாளர்கள் இதன் சாற்றைச் சொறி நஞ்சுக்கு எதிராகச் சோதித்துப் பயன் கண்டிருக்கிறார்கள். வெட்டுக்காயத்துக்குக் கசக்கி வைக்கும் தாத்தாப்பூச் செடியை மட்டும் யோசித்துச் சேருங்கள். அதன் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம். உங்கள் நாடு பாண்டியர் காலத்தது என்றால் அது அங்கே இருக்கக்கூடாது, சீமைக்கருவேலும் இருக்கக்கூடாது. சீமைக்கருவேல் இல்லாத இராமநாதபுரம் என்பதே போதுமான கற்பனை என்று என் நண்பர்கள் சொல்வார்கள்.

மந்திரமும் மருந்தும் எதிரெதிர்க் கட்சிகள் என்ற எண்ணத்தையும் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். புறநானூற்றின் 281ஆம் பாட்டில், அரிசில் கிழார், போரில் புண்பட்ட தலைவனைப் பெண்கள் காக்கும் காட்சியை வைத்திருக்கிறார். வீட்டில் வேப்பிலையும் இரவ மரத்தின் தழையும் செருகுகிறார்கள். யாழும் பல இயங்களும் ஒலிக்கின்றன. மை பூசுகிறார்கள், வெண்கடுகைத் தூவுகிறார்கள், ஆம்பற்குழல் ஊதுகிறார்கள், மணி அடித்துக் காஞ்சிப் பண் பாடுகிறார்கள், நறும்புகை இடுகிறார்கள். இதில் எது மருந்து, எது மந்திரம் என்று பிரிக்க உட்கார்ந்தால் பிரிக்க வராது. பாடியவருக்கும் பிரிக்கும் எண்ணம் இல்லை. காயம்பட்டவன் பக்கத்தில் இரவெல்லாம் யாரோ விழித்திருக்கிறார்கள் என்பதே அந்தப் பாட்டின் செய்தி. திருக்குறளின் மருந்து அதிகாரமும் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு நிறுத்தாமல், பக்கத்தில் இருந்து பார்ப்பவரையும் நான்காவதாக எண்ணுகிறது. பெரும்பாலான விளையாட்டுகளில் இந்த நான்காமவருக்கு இடமில்லை. சண்டையில் பின்தங்கும் ஆட்டக்காரர் ஒருவருக்கு நீங்கள் இந்த வேலையைக் கொடுக்கலாம்: அவர் கூடவே இருந்து பத்தியம் காக்கும் நாட்களில் மருந்து இரட்டிப்பாக வேலை செய்யட்டும்.

ஒன்றை மட்டும் கவனத்தோடு கையாளுங்கள். இராமேசுவரத்தின் 22 தீர்த்தங்களை வைத்து, நீராடினால் குணமாகும் ஊற்றுகளை அமைப்பது இயல்பானது. ஆனால் ஏர்வாடி தர்காவைப் போல மனநோயாளிகளை அழைத்துவரும் இடம் ஒன்றை அமைக்க நினைத்தால், 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அங்கே தனியார் காப்பகம் ஒன்றில் பிடித்த தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் இறந்ததை மறக்காமல் அமையுங்கள். அதன் பிறகான ஆண்டுகளில் தர்காவிலேயே மனநல மருத்துவர்கள் அமர்ந்து, துஆ என்ற இறைவேண்டல் ஒருபுறம் நடக்க மருந்து மறுபுறம் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. நம்பிக்கையைக் கேலி செய்யாமலும் மருந்தை விட்டுக்கொடுக்காமலும் ஓர் ஊரை எப்படி எழுதுவது என்பதற்கு நம் மாவட்டத்திலேயே இருக்கும் வழி அது.

இவ்வளவையும் ஒரே நாளில் மேசையில் இறக்கினால் உங்கள் நண்பர்கள் எழுந்து போய்விடுவார்கள். ஒரு மண்டலம், 48 நாள் மருந்து உண்டான் என்பதை ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுங்கள். காய்ச்சும் பக்குவத்தை ஒரு பகடை உருட்டலில் முடித்துவிடுங்கள். ஆயுள் கணக்கு, பருவம், முள் ஆகிய மூன்றும் முதல் நான்கு வாரங்களுக்குப் போதும். நான் அப்படித்தான் தொடங்கினேன். எங்கள் குழுவில் பூசாரியாக ஆடும் இளைஞர் இரண்டாம் வாரம் ஒரு மீனவனின் காலை அவசரமாக ஆற்றிவிட்டு, நான்காம் வாரம் அதே காலை மருத்துவச்சி கத்தி வைத்துத் திறப்பதை விளக்குப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு எந்தக் காயத்தின் அருகே போனாலும், பகடையைக் கையில் எடுப்பதற்கு முன் அவர் என்னைப் பார்த்துக் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, உள்ள எதுவும் இருக்கா?"